வயிற்றில் கண் விழுந்த மீன்

சிப்பிக்குடியில் டெல்பினா மோத்தாவின் பட்டறையில் ஒரு கட்டை வெட்ட வெட்டத் தீராமல் இருந்த காலத்தில், அதைப் பார்த்து ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. எத்தனையோ தீராத சங்கதிகளோடு குடித்தனம் நடத்துகிற ஊர் அது, உப்புக்காற்று தீராது, படகு என்ஜின் ரிப்பேர் தீராது, ஊர்க் கமிட்டிச் சண்டை தீராது, அதோடு ஒரு கட்டையும் தீராமல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள், போகிறபோது ஆளுக்கொரு சீவல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள், அந்தச் சீவல்தான் டெல்பினாவைக் கொல்லாமல் கொன்றது.

கட்டை என்றால் அடுப்பில் வைக்கிற கட்டை இல்லை. டெல்பினாவும் அவள் தம்பி சந்தியாகுவும் கிட்டார் செய்கிறவர்கள். நைலான் தந்தி கட்டி, காலுக்கு முக்காலி போட்டு, உட்கார்ந்து நகத்தால் மீட்டுகிற கிட்டார். உடம்பு சந்தியாகு செய்வான். நடுவிலிருக்கிற துளையைச் சுற்றி ஓடுகிற பூவளையம் டெல்பினா செய்வாள். அந்த வளையத்தைத் தூரத்திலிருந்து பார்க்கிறவன் பெயின்ட் என்பான். பெயின்ட் இல்லை, மரம். கட்டம் போட்ட தாளில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு படம் வரைந்து, ஒரு கட்டத்துக்கு ஒரு மரக்குச்சி என்று சாயம் ஏற்றிய குச்சிகளை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக ஒட்டி, அந்த வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மறுபடி ஒட்டி இறுக்கினால் விரல் நீளத்துக்கு ஒரு கட்டை வரும். வாழைத்தண்டை எங்கே வெட்டினாலும் ஒரே வளையம் தெரிகிற மாதிரி அதை எங்கே வெட்டினாலும் அதே படம் தெரியும். மெல்லிய ரம்பத்தால் சீவல் சீவலாக அறுத்துத் துளையைச் சுற்றிக் கிட்டாரில் பதிக்க வேண்டியது. கட்டை தீர்ந்தால் புதுப் படம், புதுக் கட்டை. இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பாவாடை காலத்திலேயே மீன் ஏலக்கூடத்தில் கூடையோடு நின்று பெரிய மனுஷர்களின் கையைத் தட்டிவிட்டு விலை கேட்டவள், கப்பல்காரன் ஒருவன் விட்டெறிந்த உடைந்த கிட்டாரைக் கூடையோடு கூடையாகப் பேரம் பேசி வாங்கிவந்து, பிரித்துப்போட்டு, விரலை நாலு இடத்தில் கிழித்துக்கொண்டு கற்றது.

தப்பு நடந்ததும் பேரத்தில்தான். மேலும் கீழும் அலை, நடுவே ஒரு குண்டு மீன், வெள்ளையும் நீலமும் கறுப்பும், தலையில் சிவப்பாக ஒரு புள்ளி கண் என்று அவள் வரைந்து, வரிசைகளை ஒட்டிக்கொண்டிருந்த காலையில் மரக்கடைக்காரன் போன் செய்தான். போனவாரம் அனுப்பிய பலகை நல்லா காய்ந்த பலகை என்று அவன் சொல்ல, "காஞ்ச பலகையா அது? புழிஞ்சா ஒரு செம்புத் தண்ணி வரும்வே, அத வச்சு நான் கிட்டாரா செய்ய, தோணியா செய்ய?" என்று இவள் கத்த, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கத்தின கத்தலில் ஒரு வரிசையைத் தலைகீழாக நிறுத்திப் பசையைப் போட்டுவிட்டாள். மீன் மேலும் கீழும் ஒரே குண்டாக இருந்ததால் உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் இறுக்கியைக் கழற்றி முனையைத் துண்டித்துப் பார்த்தபோது தலையில் இருக்கவேண்டிய கண் வயிற்றில் இருந்தது.

"மீனுக்குக் கண்ணு வயித்துல இருக்குக்கா," என்றான் சந்தியாகு.

"எனக்கும் ரெண்டு கண்ணு இருக்குலே. தெரியுது."

"தூரப் போடாத. மலிவுக் கிட்டாருக்கு வச்சுத் தள்ளீரலாம்."

அந்தப் பேச்சு அவளுக்கும் நியாயமாகப் பட்டது. கட்டையை வைஸ் இடுக்கியில் பிடித்து அறுத்தாள். அறுத்த சீவல் தட்டு நிறைந்தது, இன்னொரு தட்டு நிறைந்தது, முறம் நிறைந்தது, வைஸிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த முனை நீட்டிக்கொண்டே இருந்தது. சந்தேகம் வந்து ஒரு நூலைக் கட்டையின் நீளத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டு, ஒரு முறம் சீவலை அறுத்துவிட்டு நூலை வைத்துப் பார்த்தாள். நூலும் கட்டையும் முனைக்கு முனை சரியாக நின்றன. டெல்பினா "சரி" என்று சொல்லிவிட்டுச் சோறு தின்னப் போனாள்.

அதன்பிறகு நடந்ததுதான் கதை. சந்தியாகு எல்லாக் கிட்டாரிலும் அந்த மீனையே பதித்தான், ஓசியில் வருகிறபோது புதுப் படம் எதற்கு என்றான். வெளியூரில் வாசிக்கிறவர்கள் அதை மலிவு என்று நினைக்காமல் சிப்பிக்குடி முத்திரை என்று நினைத்துக்கொண்டு, வயிற்றில் கண் இல்லாத கிட்டாரைப் போலி என்று திருப்பியனுப்பினார்கள். படகுக்காரர்கள் படகின் முன்முனையில், அணியத்தில், ஒரு சீவல் ஒட்டினார்கள். ஐஸ் கம்பெனிக்காரர் கதவில் ஒட்டினார். தொட்டிலில் ஒட்டினார்கள், கல்யாண வீட்டுப் பந்தக்காலில் ஒட்டினார்கள், சவப்பெட்டி மூடியில் உள்பக்கமாக ஒட்டினார்கள், போகிறவருக்கும் பார்க்க ஏதாவது வேண்டுமே. பேக்கரியில் உப்பு பிஸ்கட்டில் அச்சுக் குத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வயிற்றில் கண் வைத்து மீன் வரைய, டிராயிங் டீச்சர் கொஞ்சகாலம் சிவப்பு மையால் சுழித்துப் பார்த்து, பிறகு தானே கரும்பலகையில் அப்படி வரைந்துகாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மீன் விற்கிற ஜெசிந்தா பாடுதான் பெரும்பாடு. கூடையை இறக்கினால் பெண்கள் மீனைப் புரட்டி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம கடல் மீனாட்டி, இல்ல வெளியூர் சரக்கா?" என்று கேட்டார்கள்.

"தலையில கண்ணு இருக்கக்கூடிய மீன்தான் மீனு தாயி. வயித்துல கண்ணு வேணும்னா டெல்பியக்கா வீட்டுக் கட்டையப் போயி கொளம்பு வையிங்க," என்று ஜெசிந்தா கூடையைத் தூக்கினாள். ஆனால் அவள் காதில் தொங்கினதும் அந்தச் சீவல்தான்.

கோயில் பிரசங்கத்தில் லயனல் சாமியார், அந்த மீன் பசித்தவனின் மீன் என்றும், பசித்தவனுக்கு உலகம் வயிற்றின் வழியாகத்தான் தெரியும் என்றும், இது தப்பல்ல தரிசனம் என்றும் சொன்னபோது, முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்த டெல்பினா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அது தரிசனமும் இல்ல கரிசனமும் இல்ல சாமி, போன்ல பேசிக்கிட்டே ஒட்டுனது," என்றாள். ஜனம் அவளைத் தாழ்ச்சியான மனசுள்ளவள் என்று மெச்சியது. ஊரில் ஒரு தடவை நல்லபெயர் விழுந்துவிட்டால் அதைத் துடைக்க எந்த மண்ணெண்ணெயாலும் ஆகாது.

அவளோ ஓய்ந்துபோனாள். காலையில் எழுந்தால் வாசலில் ஆள், அறுப்பு, மத்தியானம் அறுப்பு, சாயங்காலம் அறுப்பு, கண்ணை மூடினால் இமைக்குள்ளே அந்த மீன் வயிற்றால் அவளைப் பார்த்தது. வலதுகைப் பெருவிரலின் அடிமூட்டு தேய்ந்து, புட்டுமாவைப் பிசைகிற மாதிரி நெறுநெறு என்றது. எலும்பு டாக்டரிடம் போனபோது அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நுணுக்க வேலைக்கு இந்த விரல் இனி கொஞ்சகாலம்தாம்மா ஓடும். எதுக்குச் செலவழிக்கிறதுன்னு பாத்துச் செலவழிங்க," என்றார். ஆயுளில் முதல்முறையாக டெல்பினா ஒருவர் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசாமல் எழுந்து வந்தாள்.

செலவழிக்க அவளிடம் ஒன்று இருந்தது. பட்டறை ஜன்னலுக்கு மேலே ஒரு கிட்டார் உடம்பு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மலையில் இடித்துப்போட்ட ஒரு பங்களாவின் தேவதாருக் கதவை, கொண்டுபோன தண்ணீர் பாட்டில் தீருகிறவரை பேரம் பேசி அவளே வாங்கிவந்து சந்தியாகுவிடம் கொடுத்துச் செய்யச் சொன்னது. துளையைச் சுற்றி வளையம் பதிக்க வெட்டின பள்ளம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதில் அந்த மீனை வைக்க அவள் விடவில்லை. அதற்கு அவள் மனசில் வேறு படம் இருந்தது: மழை விழுகிற கடல். துளி விழுந்த இடத்திலெல்லாம் ஒரு வட்டம், வட்டத்தை வட்டம் தொட்டு அழிப்பது, சாம்பலும் வெள்ளையும் ஒரே ஒரு பச்சையும். வாழ்க்கையில் ஒன்றே ஒன்றை ஒரு வரிசையும் புரளாமல் செய்து முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உட்காரவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. உட்கார விட்டால்தானே.

தூக்கிக் கடலில் எறியவேண்டியதுதானே என்று கேட்கலாம். கேட்பவன் ஒரு சாண் பலகைக்கு நடுரோட்டில் நின்று தொண்டை கிழியப் பேசியிருக்கமாட்டான். மிச்சம் பிடித்தே உயிர் வளர்த்தவளுக்கு, தீராத பொருள் ஒன்றைத் தூர எறிகிற கை கிடையாது. எறியப் போய் அலைவரைக்கும் நடந்து, முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பி வந்தாள். வந்த கோபத்தில் வாசலில் நின்றவர்களை ஏசினாள். ஏச்சு வாங்கிக்கொண்டே சீவலும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மாதா திருநாளுக்கு முன்னால் ஊர்க் கமிட்டி வந்தது, சாமியாரையும் முன்னால் விட்டுக்கொண்டு. இந்த வருஷம் சப்பரம் முழுவதும், சக்கரத்திலிருந்து மேலே கூண்டுவரை, இடைவெளி தெரியாமல் சீவலாலேயே இழைக்கவேண்டும் என்றார்கள்.

டெல்பினா கட்டைவிரலை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது தெரியுதா? சப்பரம் முடியதுக்குள்ள இது முடிஞ்சிரும். கட்டைய நீங்களே வச்சுக்கிடுங்க. ரம்பமும் தாரேன். அறுங்க, ஒட்டுங்க, கொளுத்துங்க. என் வெரல விடுங்க."

கமிட்டி பின்வாங்கியது, பாம்பை நீட்டின மாதிரி. "நாங்க தொட்டா தீந்துபோயிரும்மா," என்றார் சாமியார். "இது கட்டையில இல்ல, உங்க கைராசியில இருக்கு."

"தீந்தா தீரட்டும்!"

"அக்கா!" என்று சந்தியாகு காதைப் பொத்தினான். "வாயக் கழுவு. ஊருக்கே சோறு போடுதது அது. உன் கைய விட்டுப் போனா நாளைக்கே மொட்டையாயிரும்."

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவள் கையை மெச்சியே அவள் கையைத் தின்கிறவர்கள், அவ்வளவுதான். இவர்களோடு பேரம் பேச முடியாது. ஆசைப்படுகிறவனோடு பேரம் பேசலாம், பயப்படுகிறவனோடு முடியாது. பயத்தை மறக்கடிக்கிற ஒரே இடம் ஊரில் எது என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்து படகுகள் கரையேறின நேரத்தில் டெல்பினா கட்டையைக் கொண்டுபோய் ஏலக்கூடத்துச் சிமென்ட் தரையில், சீலா மீனுக்கும் பாறை மீனுக்கும் நடுவே வைத்தாள். பக்கத்தில் ரம்பம். சுற்றியிருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"கூவுங்க தொபியாஸண்ணே," என்றாள். தொபியாஸ்தான் ஏலக்காரர், அவர் குரலுக்குக் காக்கைகூட இறங்கிவந்து விலை கேட்கும் என்பார்கள்.

"இதுக்கு என்னத்தட்டி கூவ?"

"பணம் வேண்டாம். எவன் அதிக நேரம் அறுப்பானோ அவனுக்குக் கட்ட. அறுத்து ஊருக்குக் குடுக்கணும், அது ஒண்ணுதான் பேச்சு."

"ஒருத்தனும் வாயத் தெறக்கமாட்டான் பாரு."

"நீங்க தெறங்க."

தொபியாஸ் யோசித்தார். ஆனால் முன்னால் சரக்கு கிடக்கிறது, சுற்றி ஆள் நிற்கிறது. அவர் தொண்டை அவரைக் கேட்காமலே, "கேளு கேளு கேளு, தீராக் கட்ட, தேயாக் கட்ட, வயித்துக்கண்ணு மீனுக் கட்ட, கேக்கது யாரு, கேக்கது யாரு" என்று எடுத்துவிட்டது. சிப்பிக்குடியில் பிறந்தவனால் எதையும் தாங்க முடியும், ஏலம் ஓடுகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்க மட்டும் முடியாது. அது தும்மல் மாதிரி. பால்குடி மாறாத காலத்திலிருந்து அந்தத் தரையில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து கேட்ட சத்தம். முதலில் உடைந்தது ஜெசிந்தா.

"காலம்பற ஒரு பொழுது!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காலம்பற ஒரு பொழுதாம், காலம்பற ஒரு பொழுதாம்!"

"காலம்பறையும் சாயங்காலமும்!" இது ஐஸ் கம்பெனிக்காரர். வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு அவருக்கு வேர்த்தது.

"நாங்க விட்ருவமா? நாள் பூரா!" என்றாள் ஜெசிந்தா, வாயிலிருந்த கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு.

அப்போதுதான் விஷயம் கேள்விப்பட்டுச் சந்தியாகு செருப்பில்லாமல் ஓடிவந்தான். நிறுத்து நிறுத்து என்றுதான் வந்தான். கூட்டத்தை விலக்கி உள்ளே நுழைந்தவன் காதில் தொபியாஸின் குரல் விழுந்தது, நிறுத்து என்று திறந்த வாய், "ஞாயித்துக்கெழமையும் சேத்து!" என்றது.

"பெருநாளும் சேத்து!" என்றாள் ஜெசிந்தா.

"காய்ச்சல்ல கெடந்தாலும்!"

"பிள்ள பெத்த வீட்டுல கெடந்தாலும்!"

"நீ பெறுவ, நான் எங்கட்டி பெற?" என்று சந்தியாகு கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். "சாகுத வரைக்கும்! நான் சாகுத வரைக்கும்!"

ஜெசிந்தா அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றாள். "சந்தியாகு மோத்தா, சாகுத வரைக்கும், ஒரு தரம்," என்றார் தொபியாஸ். "ரெண்டு தரம்." சந்தியாகு ஜெயிக்கப்போகிற முகத்தோடு சுற்றிப் பார்த்தான். "மூணு தரம்." அந்த முகம் மெல்ல மெல்ல வேறு முகமாக மாறியதை டெல்பினா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றான், "நம்ம வீட்டுப் பொருளயே நான்…"

"ஏலத்துல எடுத்தது எடுத்ததுதாம்லே," என்றாள் அவள். "கொண்டு போ."

அங்கேயே, அந்த ஈரத் தரையிலேயே, எல்லோர் முன்னாலும் அவனை ஒரு சீவல் அறுக்க வைத்தார்கள். சீவல் ஒருபக்கம் தடிமனாக வந்தது. கூட்டம் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்க்க, டெல்பினா முந்தானை முடிச்சிலிருந்து அந்தப் பழைய நூலை எடுத்துக் கட்டையின் மேல் வைத்தாள். முனைக்கு முனை சரியாக நின்றது. தொபியாஸை அறுக்கச் சொன்னார்கள், ஐஸ் கம்பெனிக்காரரை, ஜெசிந்தாவை. கட்டைக்கு யார் கை என்பதெல்லாம் கணக்கே இல்லை.

சனங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டெல்பினாவின் பக்கம் யாரும் திரும்பவில்லை. கைராசி, கைராசி என்று இத்தனை காலமும் கொண்டாடின கை வெறும் கையாகத் தொங்கியது; ஒரு நிமிஷம் அவளுக்குச் சுருக்கென்றது, எல்லோரையும் பிடித்து ஏச வாய் வந்தது, பிறகு அந்த வாயும் அலுத்துப்போய் மூடிக்கொண்டது. வீட்டுக்கு நடந்தாள். வழியில் யாரும் அவளிடம் சீவல் கேட்கவில்லை.

சந்தியாகு சப்பரத்தை இழைத்தான். மாதா அந்த வருஷம் ஆயிரமாயிரம் வயிற்றுக்கண் மீன்களின் மேல் ஏறித் தெருவில் வந்தாள், சனம் கண்ணீர்விட்டுக் கும்பிட்டது. டெல்பினா ஜன்னலைச் சாத்திக்கொண்டு, போனை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டு, மழையை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரிசைக்கும் தலையில் ஒரு கோடு, காலில் ஒரு புள்ளி என்று பென்சிலால் குறித்துக்கொண்டாள். விரல் வலிக்கிறபோது கையை வெந்நீரில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள். வலி குறைந்ததும் அடுத்த வரிசை. இப்படியே போய் ஒருநாள் கட்டை ஆனது. முனையைத் துண்டித்துப் பார்த்தாள்: கடல், மழை, வட்டம், வட்டத்தைத் தொட்ட வட்டம். ஒரு குச்சியும் இடம் மாறவில்லை.

வைஸில் பிடித்து, அளவுக்கு ஒரு நூல் வெட்டிக்கொண்டு, முதல் சீவலை அறுத்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது, ஆயுளில் கண்டிராத பயம். இதுவும் தீராமல் போய்விட்டால்? மழைக்குக் கும்பிடு போட ஊர் வரிசையில் வந்து நின்றுவிட்டால்? ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு நூலைக் கட்டையின் மேல் பிடித்தாள்.

நூல் மிஞ்சியது. ஒரு மயிரிழை அளவுதான், ஆனால் மிஞ்சியது. டெல்பினா அந்தத் தொங்கல் முனையை நகத்தால் தொட்டுப் பார்த்தாள், மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

அறுக்க அறுக்கக் கட்டை குறைந்தது. நூல் நீண்டு நீண்டு தொங்கியது. சீவல்களை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் பதித்துக்கொண்டே வந்து கடைசி இடத்தில் கடைசிச் சீவலை அழுத்தினபோது பெருவிரல் மூட்டு ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. வைஸில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மிச்சம் இருந்தது, எதற்கும் ஆகாத மிச்சம். அதை இடதுகையால் எடுத்து ஜன்னல் வழியே காக்கையைப் பார்த்து எறிந்தாள்.

மீன் கொடுக்க வந்த ஜெசிந்தா கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து கிட்டாரைக் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "மழையா? குளுருதுக்கா," என்றாள். பிறகு, "இதுல தப்பு எங்க இருக்கு?"

"இல்லட்டி."

"தேடிப் பாத்தீயளா?"

"இல்ல. பாக்க வேண்டாம்."

ஜெசிந்தா காதுச் சீவலைத் திருகிக்கொண்டே போனாள்.

பக்கத்து அறையில் சந்தியாகு அறுத்துக்கொண்டிருந்தான், க்ரீச் க்ரீச் என்று, காலையிலிருந்து, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும். கொஞ்சம் கழித்துச் சத்தம் நின்றது.

"அக்கா, என்ன செய்யுத?"

"ஒண்ணும் செய்யலலே. முடிஞ்சிட்டு."

"என்னது?"

"வேல. முடிஞ்சிட்டு."

பேர் மட்டும் கேள்விப்பட்ட, போக வழியில்லாத ஒரு ஊரைச் சொல்கிற மாதிரி, "முடிஞ்சிட்டு" என்று அவன் உள்ளே ஒருதரம் சொல்லிப் பார்த்தான். பிறகு ரம்பம் மறுபடி ஆரம்பித்தது. டெல்பினா நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப்போட்டு, இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்து, இனி எதையும் பிடிக்கவேண்டியதில்லாத அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே காக்கை அந்தப் புளியங்கொட்டையைக் கொத்திப் பார்த்து, மரம் என்று தெரிந்து, விட்டுவிட்டுப் பறந்துபோனது.